முகத்துவாரக் கணினியின் ஒற்றைப் பிழை

விஜிதரன் வாயால் கெட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. பணிப்பாளருக்கு முன்னால் அவன் வாயிலிருந்து வரும் பேச்சு மொத்தமே, எதற்கும் ஆமாம் போடுகிற "ஓம் சேர்" என்பதுதான். அதை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவுதான் கெட்டுப்போக முடியும்? அவன் கெட்டது கையால். புதுச் சாமான் ஒன்றைக் கண்டால் தட்டிப் பார்க்காமலும் திருகிப் பார்க்காமலும் இருக்கத் தெரியாத கை அது.

அவன் வேலை பார்த்தது வாவி முகத்துவார ஒருங்கிணைப்புப் பணிமனையில். மாரி மழைக்கு மட்டக்களப்பு வாவி நிரம்பி வழியும்போது, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடவேண்டும். வெட்டுவது பிந்தினால் வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையின் தாழ்ந்த வயல்வட்டைகளில் வேளாண்மை மூழ்கிவிடும். முந்தினால் இறால் வளரமுன்னமே கடலோடு போய்விட்டது என்று மீனவர்கள் சண்டைக்கு வருவார்கள். முன்பெல்லாம் இரண்டு பகுதியினரும் மணல்திட்டில் நின்று தொண்டை வற்றக் கத்துவார்கள். கத்திக் களைத்ததும் ஒரு பெக்கோ இயந்திரம் வந்து முகத்துவாரத்தை வெட்டிவிட்டுப் போகும். கத்துவதற்கு ஆட்கள் இருந்தார்கள், வெட்டுவதற்கு இயந்திரம் இருந்தது, இரண்டையும் ஒருங்கிணைப்பதற்குத்தான் ஒரு பணிமனை இல்லாமல் இருந்தது. அரசாங்கம் அந்தக் குறையைப் போக்கியது. பணிமனை வந்த பிறகு கத்துவதும் பிந்தியது, வெட்டுவதும் பிந்தியது. இரண்டும் ஒரே அளவாகப் பிந்தியதால் ஒருங்கிணைப்பு வெற்றி என்று ஆண்டறிக்கையில் எழுதினார்கள்.

இந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வெட்டும் நாளை மனிதர்கள் சொல்லக்கூடாது. மழையளவையும் நீர்மட்டத்தையும் கணினிக்குக் கொடுத்தால் அது நாளைச் சொல்லும். அந்தக் கணினி பிழையற்றது என்று உறுதிப்படுத்தப்பட்டதாக இருக்கவேண்டும். சுற்றறிக்கையோடு கணினியும் வந்தது. அதற்குப் பொறுப்பாக விஜிதரனைப் போட்டார்கள், ஏனென்றால் அவன் ஒருமுறை கொழும்புக்குப் போய்க் கணினிப் பயிற்சி எடுத்தவன். அந்தச் சான்றிதழைச் செட்டிபாளையத்து வீட்டில் கண்ணாடி போட்டுக் கொழுவியிருந்தான். வீடு மனைவி வதனியின் சீதனம், வாவிக்கு அக்கரையில் உள்ள வயலும் வதனியின் சீதனம். அவனுக்கென்று அந்த வீட்டில் இருந்த ஒரே சொத்து அந்தச் சான்றிதழ்தான். விருந்தாளிகள் வந்தால் அதற்கு நேரே உள்ள கதிரையில்தான் உட்காரவைப்பான்.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் அவன் கணினியின் அமைப்புத் திரைக்குள் நுழைந்தான். நினைவகத் தகடுகளின் வேகம் சாதாரண அளவில் இருந்தது. அதைவிட வேகமாகவும் ஓடலாம் என்று பக்கத்தில் ஒரு பெரிய இலக்கம் கண்ணைச் சிமிட்டியது. சும்மா இருந்திருக்கலாம். தாழ்வட்டைக்குத் தண்ணீர் ஏறுமா என்று கணக்குப் போடுவதற்கு அந்த வேகம் தேவையே இல்லை. ஆனால் அவன் கை போய் அந்தப் பெரிய இலக்கத்தை அழுத்திவிட்டது. அவன் முகத்தில் அப்போது வந்த பெருமிதத்தை வதனி பார்த்திருந்தால், "என்ன, திருகிப் போட்டீங்களா?" என்று உடனேயே கேட்டிருப்பாள்.

அதோடு நின்றானா என்றால் அதுவும் இல்லை. திறப்புவிழாவில் தன் கெட்டித்தனத்தைக் காட்டுவதற்காக நினைவகச் சோதனை ஒன்றைப் பெரிய திரையில் ஓடவிட ஏற்பாடு செய்தான். அந்தச் சோதனை பெரிய வித்தை ஒன்றுமில்லை. கணினியின் நினைவில் உள்ள ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதிவைக்கும், பிறகு திரும்பி வந்து வாசிக்கும். எழுதியதும் வாசித்ததும் ஒன்றாக இருந்தால் பச்சை. எழுதியது ஒன்று, வாசித்தது வேறொன்று என்றால் சிவப்பு.

விழாவுக்கு நிறைகுடம் வைத்தார்கள், நாதஸ்வரம் ஊதினார்கள், கணினியின் கழுத்து எது என்று தெரியாததால் மாலையைத் திரையின் ஒரு மூலையில் தொங்கவிட்டார்கள். கணக்காளர் முனாப் காத்தான்குடியிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தார். விவசாயிகளும் மீனவர்களும் எதிரெதிர்ப் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பணிப்பாளர் நல்லரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் கணினியின் வேகத்தை நீங்கள் திரையில் காண்கிறீர்கள்," என்றார் அவர். "இனி அதுவே இந்தப் பணிமனையின் வேகம். என்னுடைய முப்பது வருடச் சேவையில் என் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவானதில்லை. காரணம், நான் எந்த முடிவையும் எடுத்ததில்லை. இந்தக் கணினியும் அந்த வழியிலேயே நடக்கும் என்று உறுதியளிக்கிறேன்."

கைதட்டல் முடியமுன் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. நூற்றுக்கணக்கான பச்சை எண்களுக்கு நடுவே அது ஒன்றே ஒன்று.

முன்வரிசையில் இருந்த ஒரு விவசாயி அது என்ன என்று கேட்டார். பணிப்பாளர் சிரித்த முகத்தோடு விஜிதரனைத் திரும்பிப் பார்த்து, அது ஒன்றும் பிரச்சினை இல்லைத்தானே என்று கேட்டார். "ஓம் சேர்," என்றான் அவன். குரலில் ஏதோ பிசகு தெரிந்திருக்கவேண்டும். பணிப்பாளர் சற்றுத் தாழ்ந்த குரலில், பிரச்சினையா என்று மறுபடி கேட்டார். "ஓம் சேர்," என்றான்.

விஜிதரனுக்கு எல்லாம் தெரியும், அதுதான் கேவலம். பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள். சிவப்பு ஒன்று வந்தாலும் சிவப்புத்தான், அதை அலட்சியம் செய்யக்கூடாது. முதலில் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி சோதிக்கவேண்டும். அப்போதும் வந்தால் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். வேகத்தைக் குறைப்பது ஊற்றிய தேத்தண்ணி ஆறமுன் முடிகிற வேலை. அன்று பின்னேரமே அதைச் சொல்லிவிடுவது என்று பணிப்பாளரின் அறைக்குள் போனான்.

பணிப்பாளர் அவனை உட்காரச் சொன்னார். இந்த வேகத்தைப் பற்றித் தான் பேசியது நாளைப் பத்திரிகையில் வரப்போகிறது என்றார். எந்த மடையனாவது வேகத்தைக் குறை என்று சொன்னால் அது பணிமனையின் வேகத்தைக் குறைப்பதாகிவிடும், அப்படியொரு ஆளைத் தான் மேசைக்கு முன்னால் வைத்திருக்கமாட்டேன் என்றும் சொன்னார். விஜிதரன் மேசைக்கு எவ்வளவு முன்னால் இருந்தான் என்றால், முழங்கால் அதில் முட்டிக்கொண்டிருந்தது. "ஓம் சேர்," என்று எழும்பி வந்துவிட்டான்.

மறுநாள் முழுக்கச் சோதனையை ஓடவிட்டார்கள். ஒரு சிவப்பும் இல்லை. அதற்கடுத்த நாள் மத்தியானத்துக்குக் கிட்ட ஒன்று வந்தது. பிறகு இல்லை. எப்போதும் வருகிற பிழையென்றால் கணினியைத் திருப்பி அனுப்பலாம், வராத பிழையென்றால் பாவிக்கலாம், எப்போதாவது வருகிற பிழையை என்ன செய்வது என்று சுற்றறிக்கையில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே, எப்போதாவது நேரும் பிழைக்குப் பொருள் காணும் குழு அமைக்கப்பட்டது. தலைவர் பணிப்பாளர், உறுப்பினர் கணக்காளர் முனாப், தேநீருக்கும் தொழில்நுட்பத்துக்கும் பொறுப்பு விஜிதரன்.

முனாப் நல்ல மனிதர். விஜிதரனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பொருட்பதிவில் இல்லாத ஒரு சாமான் பணிமனைக்குள் இருப்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. முதற் கூட்டத்திலேயே அவர் கேட்டார், "பிழை பெட்டியோட வந்ததா, இஞ்ச வந்த பிறகு சேர்ந்ததா? பெட்டியோட வந்ததெண்டா அதுவும் அரசாங்கத்துச் சொத்து. நான் பதியோணும்."

பெட்டியோடு வந்ததுதான் என்று பணிப்பாளர் தீர்ப்புச் சொன்னார். பணிமனைக்குள் வைத்துப் பிழை உண்டானதென்றால் யாரோ அதற்குப் பொறுப்பெடுக்கவேண்டிவரும். பிழைக்கு ஒரு பதிவிலக்கம் கொடுக்கப்பட்டது. இலக்கம் எழுதிய துண்டை எங்கே ஒட்டுவது என்று கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. கடைசியில், முதன்முதல் சிவப்பு வரி விழுந்த இடத்தை அடையாளம் பார்த்துத் திரையின் மேலேயே ஒட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் சிவப்பு வந்தாலும் தெரியாது.

பிழை எப்போது வருகிறது என்று பார்ப்பதற்குக் காவல் போடப்பட்டது. யானைக் காவலுக்கு வயலில் பரண் கட்டுவதைப் போல, கணினி அறையில் ஒரு மேசையை உயர்த்திப் போட்டு முறைவைத்து உத்தியோகத்தர்களை உட்காரவைத்தார்கள். சிவப்புக் கண்டால் மணியடிக்கவேண்டும். மணியடித்தால் எல்லோரும் ஓடிவந்து பார்க்கவேண்டும். ஒருநாள் மணியடித்தது. எல்லோரும் ஓடினார்கள். காவலிருந்தவர் நித்திரையில் சரிந்து மணியில் விழுந்திருந்தார். அதையும் ஒரு பிழையாகக் கணக்கில் எடுப்பதா என்று குழு பின்னேரம் வரை ஆராய்ந்தது.

சோதனை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்ததால் கணினியில் வேறெதையும் செய்ய முடியவில்லை. மழையளவும் நீர்மட்டமும் விஜிதரனின் மேசையில் குவிந்தன. மழை விடுவதாக இல்லை.

இங்கேதான் கதை வேலிதாண்டி அவன் வீட்டுக்குள் வருகிறது. வதனியின் வயல் தாழ்வட்டையில், வாவிக் கரையை ஒட்டி இருந்தது. விதைத்து, முளைத்து, பச்சை பிடித்து நின்ற பயிர். அவள் ஒவ்வொரு நாளும் பாலத்தால் அக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதலில் வரம்பு நனைந்தது என்றாள். பிறகு வரம்பு தெரியவில்லை என்றாள். ஒரு பின்னேரம் வந்து, சேலைத்தலைப்பைப் பிழிந்தபடி வாசலில் நின்றாள்.

"பயிர்ட நுனி மட்டுந்தான் தெரியுது," என்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். மறுகா அழுகிப் போயிரும். எப்ப வெட்டப் போறீங்க?"

விஜிதரன் கணினியையும் சிவப்பு வரியையும் குழுவையும் பற்றி விளக்கினான். சான்றிதழுக்கு நேரே இருந்த கதிரையில் இருந்துதான் விளக்கினான். வதனி முழுவதையும் கேட்டாள். அவளுக்குப் படிப்பிலும் குறைவில்லை, அவனை அறிவதிலும் குறைவில்லை.

"அது ஏன் சிவப்பாகுது? நீங்க எதையாவது திருகினீங்களா?"

"ஓம்," என்றான் விஜிதரன். வீட்டில் அவனுக்குச் சேர் இல்லை. "வேகத்தக் கூட்டி வச்சது நான்தான்."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். நாளைக்குப் போனதும் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். 'நான்தான் சேர் கூட்டினது, குறைக்கவேண்டும்' என்று சொல்லப்போவதாக அவன் சொன்னான். அவள் அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னான். காலையில் பஸ்ஸுக்கு இறங்குமுன் மறுபடி சொல்லச் சொன்னாள். அப்போதும் அச்சுப்பிசகாமல் சொன்னான். பின்னேரம் வந்ததும், போய் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"ஓம் சேர் எண்டு சொன்னன்."

"காலையில எழுதி விடுறது ஒண்டு, பின்னேரம் வாசிச்சா வேறொண்டு," என்றாள் வதனி. "அந்த மெசின்ல எப்பையாவதுதானே பிழை வருது? உங்களில ஒவ்வொரு நாளும் வருதே."

அந்த வாரம் முழுக்க வதனி அந்தச் சோதனையை விடாமல் செய்தாள். விஜிதரன் பஸ்ஸில் போகும்போது கல்லாக இருந்தான், பணிப்பாளரின் கதவைத் திறக்கும்போது வெண்ணெயாக உருகினான். அவர் தன் கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான், இவன் வாய்க்குள் எழுதியிருந்ததெல்லாம் அழிந்துவிடும். தன்னைக் கடையில் வாங்கியிருந்தால் யாராயிருந்தாலும் உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று அவனுக்கே தோன்றியது.

விவசாயிகளும் மீனவர்களும் ஒரே வாகனத்தில் பணிமனைக்கு வந்தார்கள். அப்படியொரு காட்சியை மட்டக்களப்பு அதுவரை கண்டதில்லை. வயல் மூழ்கப்போகிறது என்றார்கள் இவர்கள். வாவித் தண்ணீர் ஏறி மீன்வாடிகளுக்குள் வந்துவிட்டது, இறாலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் அவர்கள். இரண்டு பகுதியும் சேர்ந்து இன்றே வெட்டுங்கள் என்று கேட்டது. பணிப்பாளர் அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டுக் குழுவைக் கூட்டினார். ஒருநாளும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பு ஒத்துப்போகிறதென்றால் எங்கோ ஒரு பிழை நடக்கிறது என்பது தெளிவு, ஆகவே பிழையை முழுதாக ஆராய்ந்து முடிக்காமல் வெட்டக்கூடாது என்று அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். விஜிதரன் சேர்த்தான். எழுத்துப் பிழை இல்லாமல் சேர்த்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்குள் தலைநகரத்திலிருந்து ஒரு பிழை நிபுணர் வரவழைக்கப்பட்டார். வாவியைப் பார்த்த மாதிரி அறை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கணினியைச் சுற்றி மெதுவாக நடந்தார், மாலையை முகர்ந்து பார்த்தார், ஒட்டியிருந்த பதிவிலக்கத்தைப் படம் எடுத்தார். அன்று முழுக்கச் சிவப்பு வரவில்லை. அவர் அதைப் பார்த்துச் சலித்துப்போகவில்லை, மகிழ்ந்துபோனார்.

"பிழை வராமல் இருப்பதும் பிழையின் ஒரு நடத்தைதான்," என்று அவர் விரிவுரை செய்தார். "இது வருமா வராதா என்று நாம் ஆண்டுக்கணக்கில் ஆராயலாம். திருத்துவது பற்றிச் சிலர் கேட்கிறார்கள். திருத்தம் என்னுடைய துறை இல்லை. எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு போனால் நாளைக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்?"

பணிப்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த கட்ட ஆய்வுக்கு அமைச்சின் செயலாளரே நேரில் வந்து பிழையைப் பார்வையிடுவார் என்று முடிவாயிற்று.

அன்று விஜிதரன் வீட்டுக்குப் போனபோது வதனி ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு என்ன சொல்வீர்கள் என்றும் கேட்கவில்லை. அவனுக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, வாசற்படியில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனையை நிறுத்திவிட்டாள் என்று அவனுக்கு விளங்கியது. பழுது என்று முடிவான பிறகு யார்தான் சோதிப்பார்கள்? வெட்கத்தில் காது சுட்டது.

வாய்க்குத்தான் வழக்கம் இல்லை, கைக்கு வழக்கம் உண்டு. அடுத்த நாள் மத்தியானம், காவல்காரர் சாப்பிடப் போன இடைவெளியில், விஜிதரன் அமைப்புத் திரைக்குள் போய் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தான். ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. மறுபடி சோதனையை ஓடவிட்டான். அன்று சிவப்பு இல்லை, மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. பச்சை மட்டும் வயல்போல விரிந்து கிடந்தது. இனி இலக்கங்களைக் கொடுக்கவேண்டியதுதான், நாளைச் சொல்லும், பெக்கோவுக்கு ஆள் அனுப்பலாம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனான்.

முனாப்பின் முகம் கறுத்திருந்தது. "தம்பி, பதிவில இருந்த சாமான் இப்ப இல்ல," என்றார். "கணக்காய்வுக்கு வாறவங்களுக்கு நான் என்னத்தக் காட்டுற?"

பணிப்பாளர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீர் கணினியைத் தொட்டீரா?"

"ஓம் சேர்."

"தொடமுன் பிழை இருந்ததா?"

"ஓம் சேர்."

"இப்போது இல்லையா?"

"ஓம் சேர்."

"அப்படியென்றால் பிழை உம்மிடம்தான் இருக்கிறது," என்றார் பணிப்பாளர்.

விஜிதரன் தன் வாழ்நாளில் கேட்ட சொற்களில் இவ்வளவு சரியான சொல் வேறொன்று இல்லை. அவர் அதைத் தவறுதலாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் வருத்தம். அரச சொத்தொன்று காணாமற்போயிருப்பதால் கணினி அறையை மூடி நாடா கட்டினார்கள். விசாரணை முடியும்வரை யாரும் கணினியில் கை வைக்கக்கூடாது. செயலாளர் திங்கட்கிழமை வருகிறார், அதற்கு முன்னர் பிழையை இருந்த இடத்தில், இருந்தபடியே, சேதமில்லாமல் திருப்பி வைக்கவேண்டும் என்று விஜிதரனுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் கொடுக்கப்பட்டது. மழையளவும் நீர்மட்டமும் நாடாவுக்கு வெளியே அவன் மேசையில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை விடியும்போது மணல்திட்டு தானாகவே உடைத்துக்கொண்டது. வாவிக்குச் சுற்றறிக்கை போய்ச் சேர்ந்திருக்கவில்லைபோலும். கடற்கரையில் நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்து பார்த்தபோது, மண்ணிறத் தண்ணீர் திட்டைப் பிளந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. பத்துமணிக்குப் பணிமனையின் ஊடக அறிக்கை வெளியானது. பணிமனை எந்த முடிவும் எடுக்காத நிலையிலும் முகத்துவாரம் உரிய வேளையில் திறந்துகொண்டமை ஒருங்கிணைப்பின் உச்சம் என்று அதில் இருந்தது. எழுதியவன் யார் என்று கேட்கவேண்டாம். எழுத்துப் பிழை இல்லை.

சனிக்கிழமை வதனி வயலுக்குப் புறப்பட்டபோது விஜிதரன் தானும் வருகிறேன் என்றான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் இறங்கியிருந்தது. மேட்டுப்பக்கம் பயிர் சேறு பூசிக்கொண்டு நின்றது, கழுவிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். வாவிப்பக்கம் முழுவதும் அழுகிக் கறுத்துப் படுத்துக் கிடந்தது. புளித்த வாடை வந்தது. தான் அழுத்திய ஒரு இலக்கம் இவ்வளவு தூரம் படுத்திருப்பதை விஜிதரன் அன்றுதான் நேரில் பார்த்தான். பார்க்க முடியவில்லை, திரும்பிக்கொள்ளவும் முடியவில்லை.

பயிர் நெருக்கமாக நின்ற இடத்தில் வதனி கொஞ்சம் களைந்து பிடுங்கினாள். ஒரு பிடியை அவன் கையில் திணித்தாள்.

"செத்த இடத்தில இத நட்டு விடுங்க," என்றாள். "எல்லாம் வராது. வாறது வரட்டும்."

அவன் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு குனிந்தான். நட்டான். முதல் வரிசை சாய்ந்தது, அவள் வந்து நிமிர்த்தினாள். இரண்டாவது வரிசை கொஞ்சம் நின்றது. அப்போது சட்டைப்பையில் கைபேசி அடித்தது. பணிப்பாளர்.

வதனி நிமிரவில்லை. குனிந்தபடியே, யார் என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். அவள் கை சேற்றுக்குள் அசையாமல் நின்றுவிட்டது.

பணிப்பாளர் நேரே விஷயத்துக்கு வந்தார். "செயலாளர் திங்கள் காலையிலயே வாறாராம். நீர் நாளைக்கு வந்து பிழையை வச்சிரும். இன்னும் நாலு நல்ல சிவப்பாப் பாத்து வச்சாலும் பரவாயில்ல."

விஜிதரன் வாயைத் திறந்தான். என்ன நடந்ததென்று அவனுக்கே தெரியாது. அழுகின பயிரின் வாடையோ, அசையாமல் நின்ற அந்தக் கையோ, "ஏலா சேர்" என்று ஒரு குரல் வந்தது. முடியாது என்று சொன்னது அவனுடைய குரல்தான்.

"தம்பி, லைன் கிளியர் இல்ல," என்றார் பணிப்பாளர். "உம்மட வாயில அப்படியொரு சொல்லு வந்ததே இல்ல. லைன்ல ஏதோ பிழை. நான் ஓம் எண்டு எடுத்துக்கொள்ளுறன்." வைத்துவிட்டார்.

விஜிதரன் கைபேசியைப் பார்த்தபடி சேற்றில் நின்றான். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை சரியாகச் சொன்னதையும் பிழை என்று தள்ளிவிட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வதனி இப்போது நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகாலத்துக்குப் பிறகு பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"ஒருக்கா வந்தா ஆரும் நம்பமாட்டாங்க," என்றாள். "திருப்பி எடுங்க."

அவன் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு இலக்கத்தை அழுத்தினான். மணி போகத் தொடங்கியதுமே வாய் பழக்க தோஷத்தில் "ஓம்" என்று குவிந்துகொண்டு நின்றது. இந்த வாயை நம்ப முடியாது என்று அவனுக்குத் தெரியும். நடுவதற்கு வைத்திருந்த பயிரில் ஒன்றை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்து இறுகக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"ஹலோ," என்றார் பணிப்பாளர்.

விஜிதரன் பயிரைத் துப்பினான்.

"ஏலா சேர்," என்றான். பிறகு, அவர் லைனைக் குறை சொல்லமுன், இன்னொரு தரமும் சொன்னான்.